மங்கல் புள்ளி தேடப் புறப்படும் பிள்ளைகளுக்கு

வானம் பார்க்கும் ஆசையோடு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் சனியின் வளையத்தைக் கேட்பார்கள், அடுத்த கிரகணம் எப்போது என்று கேட்பார்கள். கொஞ்ச காலமாகச் சிலர் வேறொன்று கேட்கிறார்கள்: "ஐயா, பழுப்புக் குறுமீனை வீட்டில் உட்கார்ந்தே கண்டுபிடிக்கலாமாமே, நிஜமா?"

நிஜம்தான். பட்டம் வேண்டாம், காசு வேண்டாம். பொறுமையும் நல்ல கணினித் திரையும் இருந்தால் போதும். இதில் இறங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியதை வரிசை போட்டு எழுதிவைக்கிறேன். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் ஒரே குறுமீனைத்தான் சொல்வேன். அதன் பட்டியல் பெயர் வைஸ் 1534−1043. ஆய்வாளர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'விபத்து'. துலாம் விண்மீன் கூட்டத்தின் திசையில், 53 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது.

1. தொலைநோக்கி வாங்கக் காசு சேர்க்காதீர்கள்.

ஏற்கெனவே சேர்த்துவிட்டால் வாங்கி நிலாவைப் பாருங்கள், வீண்போகாது. ஆனால் நாம் தேடுவது அதில் அகப்படாது. ஹப்பிள் தொலைநோக்கி அளந்தபோது 'விபத்'தின் ஒளிப்பொலிவெண் 24.7. வெறுங்கண்ணுக்கு எட்டும் கடைசி மீனுக்கு அது 6. இந்த அளவுகோலில் எண் 5 கூடினால் ஒளி நூற்றில் ஒரு பங்காகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தக் கடைசி மீனைவிட ஏறத்தாழ 3 கோடி மடங்கு மங்கல்.

நமக்கு வேண்டிய படங்களை வேறொருவர் எடுத்து வைத்தாயிற்று. 2009 டிசம்பரில் நாசா ஏவிய வைஸ் விண்தொலைநோக்கியின் ஆடி 40 செ.மீ. தான். ஆனால் அது பார்த்தது அகச்சிவப்பில். குளிர்ந்த பொருள்கள் தங்கள் வெப்பத்தைக் கசியவிடும் ஒளி அது. 2010இல் வானம் முழுவதையும் படமெடுத்தது. குளிரூட்ட வைத்திருந்த உறைந்த ஹைட்ரஜன் தீர்ந்தது. நான்கு அலைநீளப் பட்டைகளில் இரண்டு மிஞ்சின. 2011இல் உறங்கப் போட்டார்கள். 2013இல் பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களைத் தேடுவதற்காக மறுபடி எழுப்பி, நியோவைஸ் என்று பெயர் சூட்டினார்கள். 2024 ஆகஸ்ட் வரை ஓடியது. ஆறு மாதத்துக்கொரு முறை வானத்தின் அதே இடத்துக்கு அது திரும்பி வந்தது. அப்படிச் சேர்ந்த படங்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2017இல் தொடங்கிய 'பேக்யார்ட் வேர்ல்ட்ஸ்: பிளானட் 9' என்ற பொதுமக்கள் திட்டத்தில் சேர்ந்தால் அவற்றைப் பார்க்கும் வழியையும் கற்றுத்தருவார்கள்.

2. எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

விண்மீன் என்றால் நடுவில் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியம் ஆகவேண்டும், அது நிலையாக நடக்கவேண்டும். அதற்குச் சூரிய நிறையில் சுமார் 7 விழுக்காடாவது வேண்டும் என்று 1960களின் தொடக்கத்தில் கணக்கிட்டுச் சொன்னவர்களில் முதன்மையானவர் சிவ் குமார். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்தவர். நம்மூர்ப் பாடநூல்களில் அவர் பெயர் வராதது எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான். அந்த எல்லைக்குக் கீழே உள்ளவைதான் பழுப்புக் குறுமீன்கள். அவை விண்மீனைப் போலவே பிறந்தும் பற்றிக்கொள்ளாமல், பிறந்த சூட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆறிக்கொண்டே போகும். நிறை பெரும்பாலும் வியாழனைப்போல் சுமார் 13 முதல் 75, 80 மடங்கு வரை. உருவம் மட்டும் கிட்டத்தட்ட வியாழன் அளவே.

3. நிறத்தைப் பார்க்கும் முன் நகர்வைப் பாருங்கள்.

ஓர் இடத்தின் படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி, சினிமாபோல் ஓட்டுவோம். தொலைவில் உள்ள மீனும் மண்டலமும் ஆணி அடித்ததுபோல் நிற்கும். அருகில் உள்ளது மட்டும் இடம்பெயரும். 'விபத்து' ஆண்டுக்குச் சுமார் 2.7 விநாடிக்கோணம் நகர்கிறது. முழுநிலா அகலத்தைக் கடக்க ஏறத்தாழ 700 ஆண்டு ஆகும். மெதுவாகத் தோன்றுகிறதா? வைஸ் படத்தில் ஒரு பிக்சல் 2.75 விநாடிக்கோணம். ஆக, ஆண்டுக்கு ஒரு பிக்சல், பத்தாண்டில் பத்துப் பிக்சல். கண் பழகிவிட்டால் அது நன்றாகவே தெரியும்.

நிறம் அடுத்தது. வைஸின் முதல் பட்டை 3.4 மைக்ரான், இரண்டாவது 4.6. குளிர்ந்த குறுமீனின் காற்றில் மீத்தேன் இருக்கும். அது முதல் பட்டையின் ஒளியை விழுங்கிவிடும். இரண்டாவதில் ஒளி தப்பி வரும். முதல் பட்டைக்கு நீலமும் இரண்டாவதற்குச் செம்மஞ்சளும் பூசிய படத்தில், குளிர்ந்த குறுமீன் செம்மஞ்சள் பொட்டாகத் தெரியும். சரி, இந்த விதியை மனத்தில் வையுங்கள். ஆறாவதில் இது உடையப் போகிறது.

4. புள்ளியைக் கண்டதும் சந்தோஷப்படாதீர்கள்.

முதல் வாரத்தில் நீங்கள் காணும் 'கண்டுபிடிப்பு' எல்லாம் பெரும்பாலும் கழிசடை. பிரகாசமான மீனின் கதிர்முள் படத்துக்குப் படம் திரும்பும். அது நகர்வதுபோல் இருக்கும். கருவிக்குள் ஒளி எதிரொளித்து உண்டாகும் ஆவிப்படம் ஒன்று உண்டு. பக்கத்தில் பெரிய மீன் இருந்தால் சந்தேகியுங்கள். காஸ்மிக் கதிர் பட்ட பிக்சல் ஒரே படத்தில் பளிச்சிட்டு மறையும். சிறுகோளும் அப்படித்தான், இன்றைக்கு இருக்கும் அடுத்த முறை இருக்காது. ஒளி கூடிக் குறையும் மாறுமீன், பக்கத்து மீனோடு சேர்ந்து, இடம் மாறியதுபோல் ஏமாற்றும். எல்லாப் படத்திலும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், உருவம் குலையாமல் போகிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு படத்தில் அது இல்லையென்றால், ஏன் இல்லை என்பதற்குக் காரணம் சொல்ல முடிகிற வரைக்கும் வாய் திறக்காதீர்கள்.

கைதேர்ந்தவர்களும் இங்கே சறுக்கியிருக்கிறார்கள். 1985இல் விபி 8 என்ற மங்கல் மீனுக்குப் பக்கத்தில் துணை ஒன்று இருப்பதாக நல்ல வானியலாளர்கள் அறிவித்தார்கள். முதல் பழுப்புக் குறுமீன் என்று உலகமே கொண்டாடியது. பிறகு கூர்மையான கருவிகளோடு பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. உறுதியான கண்டுபிடிப்பு வர இன்னும் பத்தாண்டு பிடித்தது.

5. யாராவது முந்திவிட்டார்களா என்று தேடுங்கள்.

'சிம்பாத்' என்ற பட்டியலில் ஆயத்தொலைவுகளைப் போட்டால் அந்த இடத்தில் ஏற்கெனவே அறிந்த பொருள் எது என்று வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. வருத்தப்பட வேண்டாம், பெரும்பாலும் இருக்கும்.

6. ஒட்டாததைக் கழித்துவிடாதீர்கள்.

இதைச் சொல்லத்தான் மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டான் கேசல்டன் என்பவர் மேற்சொன்ன திட்டத்தில் தன்னார்வலராக வேலை செய்தவர். லட்சக்கணக்கான புள்ளிகளைக் கண்ணால் பார்த்து முடியாது என்று, குறுமீனின் குணங்களைச் சொல்லிக்கொடுத்து ஒரு நிரலை எழுதினார். நிரல் பொறுக்கித் தந்த ஒரு புள்ளியை அவர் திரையில் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அதே சட்டகத்தில், நிரல் சுட்டாத இன்னொரு புள்ளி, அதைவிட மங்கலாக, விறுவிறுவென்று நகர்ந்தது. அதுதான் 'விபத்து'. பெயர் எதனால் வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

நிரல் ஏன் விட்டது? அதற்குச் சொல்லிக்கொடுத்த குணம் இதற்கு இல்லை. நான் மூன்றாவதில் சொன்ன செம்மஞ்சள் இதில் போதாது. அந்த நிறத்தை மட்டும் பார்த்தால், மிகக் குளிர்ந்த குறுமீனுக்கு இருக்கவேண்டியதைவிட 1.6 ஒளிப்பொலிவெண் அளவுக்கு நீலம் கூடுதல். 'இது அவ்வளவு குளிர்ச்சியில்லை' என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அண்மை அகச்சிவப்பையும் 4.6 மைக்ரானையும் ஒப்பிட்டால் நேர்மாறு. இதுவரை கண்டவற்றில் மிகக் குளிர்ந்த வகையோடுதான் சேர்கிறது. ஒரு கணக்கில் சூடு, மறு கணக்கில் குளிர். அறிந்த குறுமீன்கள் 2,000க்கு மேல் இருக்க, இப்படி முரண்படுகிற ஒன்றும் அவற்றில் இல்லை.

நிரல் எழுதாதீர்கள் என்று சொல்லவரவில்லை. இன்றைக்கு அது இல்லாமல் முடியாது. நிரல் எதைத் தள்ளியதோ அந்தக் குப்பைக்கூடையையும் அவ்வப்போது புரட்டுங்கள் என்கிறேன். நிரலுக்குத் தெரிந்தது நேற்றுவரை கண்டவை மட்டும்தான்.

நாலாவதில் 'சந்தேகப்படு' என்றவர் இங்கே 'விடாதே' என்கிறாரே என்று குறுக்கே கேட்பீர்கள். வரிசைதான் முக்கியம். முதலில் கருவிக் கோளாறா என்று கடைசிவரை துருவ வேண்டும். அதில் தப்பிப் பிழைத்தது எவ்வளவு கோணலாக இருந்தாலும் வைத்துக்கொள்ள வேண்டும். பாதித் துருவலிலேயே 'இது ஏதோ குப்பை' என்று நிறுத்துவது சோம்பல். அதற்கு எச்சரிக்கை என்று பெயர் சூட்டிக்கொள்ளக் கூடாது.

7. தொலைவு தெரியாமல் எதையும் பேசாதீர்கள்.

மங்கலாக இருப்பது எளிதான காரியம். தூரத்தில் இருந்தால் எதுவும் மங்கல்தான். ஆகவே முதலில் தொலைவு. பூமி சூரியனைச் சுற்றும்போது அருகில் உள்ள பொருள், பின்னணி மீன்களுக்கு எதிரே கொஞ்சம் ஆடும். அந்த இடமாறு தோற்றத்தை அளந்தால் தொலைவு கிடைத்துவிடும். 'விபத்'துக்கு வைஸ், ஸ்பிட்சர், ஹப்பிள் ஆகிய மூன்று விண்தொலைநோக்கிகளின் படங்களையும் சேர்த்து அளந்தார்கள். வந்த கோணம் சுமார் 0.061 விநாடி. ஒன்றை அதால் வகுத்தால் 16.3 பார்செக். 3.26ஆல் பெருக்கினால் 53 ஒளியாண்டு.

இப்போது பென்சிலை எடுங்கள். 2.7 விநாடிக்கோணத்தை 16.3ஆல் பெருக்கி, அதை 4.74ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 209 வரும். நொடிக்கு 209 கிலோமீட்டர், அதுவும் பார்வைக்குக் குறுக்கே போகும் வேகம் மட்டும். 2021இல் டேவி கர்க்பாட்ரிக் குழுவினர் வெளியிட்ட கட்டுரையில் இருப்பது 207.4. மூன்று எண்ணைப் பெருக்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளைக்கு இந்த விடை கிடைக்கிறது என்பதில் எனக்கு இன்றும் ஆசை தீரவில்லை.

அந்த வேகத்துக்கும் அர்த்தம் உண்டு. நம் அக்கம்பக்கத்து மீன்கள் பெரும்பாலும் சூரியனோடு சேர்ந்தாற்போல் பால்வீதியைச் சுற்றுகின்றன. அவற்றுக்கு நம்மைப் பொறுத்து இவ்வளவு வேகம் இருக்காது. இப்படிக் குறுக்கே பாய்ந்து போவது பழைய காலத்து ஆசாமி. வயது 1,000 கோடி முதல் 1,300 கோடி ஆண்டு வரை இருக்கலாம் என்கிறார்கள்.

8. தெரியவில்லை என்றால் அதையும் எழுதிவையுங்கள்.

ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தபோது அண்மை அகச்சிவப்பில் 'விபத்து' அகப்படவே இல்லை. 10 மீட்டர் ஆடிக்கும் எட்டாத மங்கல். அந்த 'இல்லை'தான் அது மிகக் குளிர்ந்தது என்ற எண்ணத்தை உறுதியாக்கியது. ஹப்பிளைக் கேட்கும் தைரியமும் அதிலிருந்தே வந்தது.

9. சூட்டை வைத்து எடை சொல்லாதீர்கள்.

இப்போது இறக்கி வைத்த டம்ளர் காபியும், காலையில் இறக்கி வைத்த அண்டா சாம்பாரும் தொட்டால் ஒரே சூடாக இருக்கலாம். குறுமீனிலும் இதே சிக்கல். இளையதும் இலேசானதும் ஒரு சூட்டில் இருக்கும். கிழடும் கனமானதும் அதே சூட்டில் இருக்கும். வயது தெரியாமல் வெப்பநிலையிலிருந்து நிறையைச் சொல்ல வழியில்லை. 2014இல் கெவின் லுமன் கண்ட வைஸ் 0855−0714 நமக்கு 7 ஒளியாண்டுக்குச் சற்றே அப்பால் இருக்கிறது. அதன் வெப்பம் நீரின் உறைநிலைக்கு அக்கம்பக்கம்தான். அப்படியும் அதன் நிறையை வியாழனின் 3 முதல் 10 மடங்கு என்றுதான் சொல்ல முடிகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கே இந்த கதி.

நிறையை நேராக அளக்க, அது வேறொன்றைச் சுற்ற வேண்டும். இங்கே கிளீஸ் 229பி கதையைச் சொல்லாமல் விட முடியாது.

1994 அக்டோபரில் பாலோமர் மலையில் 60 அங்குலத் தொலைநோக்கியில், முயல் கூட்டத்திலுள்ள ஒரு சிவப்பு மீனின் ஒளியை மறைத்துப் பார்த்தபோது அருகே ஒரு பொட்டு தெரிந்தது. நகாஜிமா, ஐ.ஐ.டி. தில்லியில் படித்த ஸ்ரீநிவாஸ் குல்கர்னி, ஓப்பன்ஹைமர் முதலியோர் அடங்கிய குழு. உடனே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடவில்லை. பின்னணியில் தற்செயலாக நிற்கும் மீனாக இருந்தால்? மீன் நகரும்போது பொட்டும் கூடவே நகர்கிறதா என்று பார்க்க ஓராண்டு காத்திருந்தார்கள். கூடவே நகர்ந்தது. நிறமாலையில் மீத்தேன் வந்தது. விண்மீனில் மீத்தேன் தாக்குப்பிடிக்காது; அந்தச் சூட்டில் சிதைந்துவிடும். அதோடு வழக்கு முடிந்தது. 1995 அக்டோபரில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் அறிவித்தார்கள். சூரியனைப் போன்ற ஒரு மீனைச் சுற்றும் முதல் கோளை மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் அறிவித்ததும் அதே மாநாட்டில்தான். அந்த அரங்கில் ஒரு மூலையில் நின்றிருந்தால்கூடப் போதும் என்று பொறாமைப்படுகிறேன்.

கதை அங்கே முடியவில்லை. தாய்மீனை அது இழுக்கும் இழுப்பை வைத்துப் பின்னாளில் நிறையைக் கணக்கிட்டபோது வியாழனைப்போல் 71 மடங்கு வந்தது. அவ்வளவு கனமானது இவ்வளவு மங்கலாக இருக்கக் கூடாது. கோட்பாட்டைக் குறைசொல்லலாமா, அளவீட்டைக் குறைசொல்லலாமா? இரண்டும் சரியாகவே இருந்தன. சிலி நாட்டிலுள்ள பெரிய தொலைநோக்கிகளில் கூர்ந்து பார்த்தவர்கள் 2024இல் விடையைச் சொன்னார்கள்: அது ஒன்றில்லை, இரண்டு. ஒன்று வியாழனின் 38 மடங்கு, மற்றது 34 மடங்கு. 12 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒட்டாத எண்ணைச் சாய்ஸில் விடாமல் வைத்திருந்ததன் பலன்.

10. விளக்கம் சொல்லும்போது அருகில் கிடப்பதை முதலில் எடுங்கள்.

முரண்பாடு என்றதும் புதுப் பௌதிகம், வேற்றுக்கிரகவாசி என்று கிளம்புகிறவர்கள் உண்டு. 'விபத்'துக்கு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் ரொம்பச் சாதாரணம்: அது கிழடு. ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களை வானியலாளர் எல்லாம் சேர்த்து உலோகம் என்பார்கள். கார்பனும் அதில் அடக்கம். அவை விண்மீன்களுக்குள் வெந்து, அவை சாகும்போது வெளியே சிதறி, தலைமுறை தலைமுறையாகப் பால்வீதியில் சேர்ந்தவை. ஆதியில் பிறந்ததற்கு அந்தப் பங்கு கிடைத்திருக்காது. கார்பன் குறைவென்றால் மீத்தேன் குறைவு. மீத்தேன் குறைவென்றால் 3.4 மைக்ரான் ஒளியை விழுங்க ஆளில்லை. அதனால்தான் அந்த நீலம். வேகம், வயது, நிறம் மூன்றும் ஒரே சரட்டில் கோத்துக்கொள்கின்றன பாருங்கள்.

2025இல் ஜேக்கி ஃபாஹெர்டி குழுவினர் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நிறமாலையில் இன்னொன்றைக் கண்டார்கள்: சிலேன். ஒரு சிலிக்கன் அணுவுக்கு நான்கு ஹைட்ரஜன். வியாழனிலும் சனியிலும் இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்துத் தேடியும் அகப்படாத மூலக்கூறு. அங்கெல்லாம் சிலிக்கனை ஆக்சிஜன் பிடித்துக்கொண்டு, கனமான மேகமாகி, கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் தங்கிவிடுகிறது. 'விபத்'தில் ஆக்சிஜனும் தட்டுப்பாடு. பிடிக்க ஆள் போதாமல் மிஞ்சிய சிலிக்கன், ஹைட்ரஜனோடு சேர்ந்து மேலே வந்திருக்கிறது. கண்டுபிடித்தவர் சட்டகத்தின் ஓரத்தைக் கவனிக்காமல் அடுத்த படத்துக்குப் போயிருந்தால், வியாழனின் மேகங்களைப் பற்றிய இந்தத் தடயம் நமக்குக் கிடைத்திருக்காது.

11. பெயரைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல குழுக்கள் கண்டுபிடித்த தன்னார்வலரின் பெயரைக் கட்டுரையில் ஆசிரியராகவே சேர்க்கின்றன. 'விபத்து' கட்டுரையிலும் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் செய்யவேண்டியது, எந்தத் தேதியில் எந்த ஆயத்தொலைவில் எதைக் கண்டீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதிவைப்பது. திரையைக் கைப்பேசியில் எடுத்த படம் சாட்சி ஆகாது.

12. கூட்டமான பக்கத்தில் தேடுங்கள்.

எல்லோரும் பால்வீதிப் பட்டையை விட்டு விலகி, காலியான வானத்தில் தேடுவார்கள். அங்கே புள்ளிகள் குறைவு, கண்ணுக்குச் சுகம். லுமன் 2013இல் கண்ட இரட்டைக் குறுமீன் 6.5 ஒளியாண்டில் இருக்கிறது. ஆல்ஃபா சென்டாரி தொகுதியும் பர்னார்டு மீனும் மட்டுமே அதைவிட அருகில் உள்ளவை. 1978இல் எடுத்த பழைய படத்தகட்டிலேயே அது பதிவாகியிருந்தது. பால்வீதிப் பட்டையின் நெரிசலுக்குப் பக்கத்தில் கிடந்ததால் முப்பத்தைந்து ஆண்டு யாரும் பொருட்படுத்தவில்லை. அந்தப் பக்கத்தில் வேலை சலிப்பாக இருக்கும், பத்துக்கு ஒன்பது கதிர்முள்ளாகவே வரும். அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்தால் நிற்கிற புள்ளியும் நகர்வதுபோல் தோன்ற ஆரம்பிக்கும். அப்போது எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, கடைசியாகக் குறித்த நான்கைந்தை மட்டும் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.